கதிருக்கும் ஒரு தூக்குக்குண்டு

'அளவை' என்ற சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள் உண்டு. நாழியும் மரக்காலும் முழக்கோலும் அளவை எனப்படும். ஓர் அறிவு மெய்யா பொய்யா என்று துணிவதற்குத் துணைநிற்கும் வழியும் அளவை எனப்படும். வஞ்சி மாநகரிலே சமயவாதிகளை நாடிச் செல்லும் மணிமேகலைக்கு அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். பின்வந்த சைவ சித்தாந்திகள் அவற்றைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றினுள் அடக்கினார்கள். நேரே கண்டறிவது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கவரின் சொல்லைக் கேட்டறிவது உரை. பேராதனையிலே இவற்றைப் பரீட்சைக்காகப் படித்தோர் பலருள் நாமும் ஒருவர். அப்பழைய குறிப்பேட்டை மீண்டும் புரட்ட வைத்தவை சமய நூல்கள் அல்ல. புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை அளிப்பது பற்றிய சில தாள்கள்.

திகன நகரைச் சூழ்ந்த பகுதியிலே மேசன் வேலை செய்து பிழைக்கும் ஒருவரின் மகள் நம்மிடம் தமிழ் படிக்கிறாள். தோட்டத்து லயத்திலே பிறந்து, எடுபிடி வேலையிலே தொடங்கி, சுவர் எழுப்பும் கைத்திறனால் தமக்கென ஒரு சிறு வீட்டைக் கட்டிக்கொண்டவர் அத்தந்தை. தரம் ஆறிலே படிக்கும்போது சிறுமிக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டன. எழுத்துக்கள் இரட்டையாகத் தெரிவதாகச் சொன்னாள். மூளையின் அடிப்புறத்திலே ஒரு கட்டி என்று வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். சத்திரசிகிச்சையினால் இயன்ற அளவு அகற்றினார்கள். எஞ்சியதற்குக் கதிர்ச்சிகிச்சை வேண்டும் என்றார்கள். எக்ஸ் கதிர் நம் நாட்டிலேயே உண்டு; புரோத்தன் கதிர் சென்னையிலே உண்டு, வளரும் பிள்ளைகளுக்கு அதனால் நன்மை அதிகம், வசதியிருந்தால் விசாரித்துப் பாருங்கள் என்று வைத்தியர் ஒருவர் கூறியிருந்தார். எங்கிருந்தோ அச்செடுத்த ஆங்கிலத் தாள்கள் சிலவற்றோடு ஒரு மாலையிலே நம் வீட்டுக்கு வந்தார் தந்தை. பணத்தைப் பற்றியோ விசாவைப் பற்றியோ அவர் முதலிலே கேட்கவில்லை. அவர் கேட்டது இது:

"செவுரு எழுப்புறப்ப வரிக்கு வரி தூக்குக்குண்டு புடிச்சுப் பாக்கிறோம், டீச்சர். அடியில ஒரு நூல் வெலகினாலும் மேல போகப் போக வயிறு தள்ளிரும். இது கண்ணுக்கே தெரியாத கதிர். புள்ளையோட மண்டைக்குள்ள போகுது. நிக்க வேண்டிய எடத்தில அது நிக்குதான்னு யாரு குண்டு புடிச்சுப் பாக்கிறது?"

இதனினும் கூர்மையான கேள்வியைப் பௌதிகம் கற்றவர்களும் கேட்பது அரிது. தமிழாசிரியைக்கு இதிலே என்ன வேலை என்று கேட்பாரும் இருக்கலாம். நோயாளியின் கையிலே கொடுக்கப்படும் தாள் அவன் அறியாத மொழியிலே இருக்கும்வரை, அதை அவன் மொழியிலே ஆக்கிக் கூறுவது மொழி கற்பிப்போரின் கடமைகளுள் ஒன்று என்பது நம் கருத்து. பாடசாலையின் பௌதிக ஆசிரியர் துணைக்கு வந்தார். பல வாரங்கள் மாலை வேளைகளிலே அமர்ந்து படித்தோம். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கே வாசகர்கள் முன் வைக்கிறோம்.

எக்ஸ் கதிர் உடலின் ஒரு புறம் நுழைந்து மறுபுறம் வெளியேறுவது. தோலுக்குச் சற்று உள்ளே அதன் வலு மிகுந்து, போகப் போகக் குறைந்து செல்லும்; கட்டியைக் கடந்த பின்னும், வழியிலுள்ள நல்ல தசையைத் தாக்கிக்கொண்டே செல்லும். புரோத்தனின் இயல்பு வேறு. அது ஐதரசன் அணுவின் கரு. திணிவும் மின்னேற்றமும் உடையது. வேகமாய் ஓடும்போது சிறிதளவே சக்தியை இழக்கிறது. வேகம் தணியத் தணிய மிகுதியாக இழக்கிறது. நிற்கப்போகும் இடத்திலே எஞ்சிய சக்தியையெல்லாம் கொட்டிவிட்டு ஓய்கிறது. அந்த எல்லைக்கு அப்பால் அதன் தாக்குதல் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அல்பாக் கதிரிலே இவ்வியல்பை 1904 இல், அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரிலே, வில்லியம் பிராக் கண்டறிந்தார். அதனால் கதிரின் ஆற்றல் மிகும் அந்த முனையை இன்றும் பிராக் உச்சி என்கிறார்கள். 70 மெகா இலத்திரன்வோல்ற்றுச் சக்தியோடு புறப்படும் புரோத்தன் நீரிலே ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் சென்று நிற்கும்; 230 மெகா இலத்திரன்வோல்ற்றோடு புறப்பட்டால் 33 சென்ரிமீற்றர் வரை செல்லும். ஆகவே சக்தியைத் தெரிந்தெடுப்பதன் மூலம், கதிர் எந்த ஆழத்திலே நிற்கவேண்டும் என்பதையும் தெரிந்தெடுக்கலாம்.

இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946 இல் முதன்முதலாக எழுதியவர் றொபேட் வில்சன் என்ற அமெரிக்கர். அதற்கு முந்திய ஆண்டிலே ஹிரோஷிமாவின் மேல் விழுந்த குண்டை ஆக்கிய லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்திலே பணியாற்றியவர் அவர். மனிதனைக் கூட்டங்கூட்டமாக அழிப்பதற்குத் திரட்டிய அறிவே, ஒரு குழந்தையின் மூளையிலே ஒரு மில்லிமீற்றரைக் காப்பதற்கும் உதவும் என்பதை வரலாறு காட்டிற்று. 1954 இல் கலிபோர்னியாவின் பேர்க்லியிலே முதல் நோயாளிக்குப் புரோத்தன் கதிர் செலுத்தப்பட்டது.

நெடுங்காலம் இக்கதிரைப் பரப்பி, ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே வெட்டிய பித்தளை அச்சின் ஊடாகச் செலுத்தி வந்தார்கள். 1996 இல் சுவிற்சர்லாந்தின் வில்லிகன் என்ற ஊரிலுள்ள பவுல் ஷெரர் ஆய்வுநிலையம் வேறொரு வழியை நோயாளிகளிடத்திலே நடைமுறைப்படுத்தியது. மெல்லிய கதிரைக் காந்தத்தால் வளைத்து, புள்ளி புள்ளியாக வைத்துச் செல்வதே அவ்வழி. முற்றத்திலே புள்ளிக் கோலம் இடும் பெண்ணின் விரல்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கட்டியின் மிக ஆழமான தளத்தைப் புள்ளிகளால் நிரப்பியபின் சக்தியைக் குறைத்து, அதற்கு முன்னுள்ள தளத்துக்கு வருவார்கள். அதன்பின் அடுத்த தளம். இப்படித் தளந்தளமாகச் சில ஆயிரம் புள்ளிகள் வரை வைக்கப்படும். மேசன் செங்கல்லை வரி வரியாக அடுக்குவது போன்றது இது என்று நாம் கூறியபோது தந்தை தலையசைத்தார்.

இந்தியாவிலே இவ்வகைக் கதிர் இரண்டு இடங்களிலே பயன்படுகிறது. சென்னை தரமணியிலே அப்பலோ புரோத்தன் புற்றுநோய் நிலையம் 2019 ஜனவரியிலே திறக்கப்பட்டது. தென்னாசியாவிலே அதுவே முதலாவது. நவி மும்பையின் கார்கர் பகுதியிலே, இந்திய அணுசக்தித் துறையின் கீழுள்ள டாட்டா நினைவு மையத்திலே 2023 இல் நோயாளிகளுக்குப் புரோத்தன் சிகிச்சை தொடங்கியது. முன்னது தனியாருடையது, பின்னது பொதுத்துறைக்குரியது. இரண்டிலும் இருப்பது ஒரே பெல்ஜிய நிறுவனத்தின் இயந்திரமே. ஏறக்குறைய 220 தொன் எடையுள்ள சைக்கிளோத்திரன் புரோத்தன்களை 230 மெகா இலத்திரன்வோல்ற்றுக்கு முடுக்கிவிடுகிறது; குறைந்த சக்தி வேண்டும்போது இடையிலே தடுப்பை வைத்து வேகத்தைத் தணிக்கிறார்கள்.

புள்ளி வைக்கும் முறையின் சிறப்பும் அபாயமும் ஓரிடத்திலேயே உள்ளன. பழைய முறையிலே பித்தளை அச்சு ஒன்று இருந்தது. அதைக் கையிலே எடுத்து, அளவுகோலை வைத்து, சரியா பிழையா என்று சொல்லலாம். புதிய முறையிலே கையால் தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. கட்டியின் உருவம் முழுவதும் கணினியிலுள்ள எண்களின் வரிசையாகவே இருக்கிறது. இந்தப் புள்ளி இந்த இடத்திலே, இந்த ஆழத்திலே, இத்தனை புரோத்தன்களோடு என்ற கட்டளைகள். காந்தத்திலே ஓடும் மின்னோட்டம் சற்றே பிசகினாலும் புள்ளி விலகும். சக்தி சற்றே மாறினாலும் ஆழம் மாறும். பிராக் உச்சி கூர்மையானது என்பதே புரோத்தனின் பெருமை. அந்தக் கூர்மை தவறான இடத்திலே விழுந்தால் அதுவே கேடு. காக்க நினைத்த பார்வை நரம்பின் மேல் அது விழலாம். அல்லது கட்டியின் ஓரம் கதிரே படாமல் தப்பிவிடலாம்.

இயந்திரம் தன்னைப் பற்றிச் சொல்லும் சொல்லை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ வரலாற்றிலே ஒரு சான்று உண்டு. தெராக்-25 என்பது இலத்திரன் கதிரும் எக்ஸ் கதிரும் தரும் இயந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அதனிடம் அளவுக்கு மீறிய கதிரைப் பெற்றார்கள், சிலர் மாண்டார்கள். முந்திய இயந்திரங்களிலே இருந்த பாதுகாப்புப் பூட்டுக்களை நீக்கி, அவற்றின் வேலையைக் கணினி நிரலிடம் ஒப்படைத்திருந்தார்கள். நோயாளி வலியால் துடித்தபோதும், கதிர் குறைவாகவே சென்றது என்று திரை காட்டிற்று. இந்த இயந்திரம் மிகை அளவு கொடுக்கவே முடியாது என்று ஆக்கியோர் கூறினார்கள். டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரிலே, வைத்தியசாலையின் பௌதிகவியலாளரும் இயந்திரத்தை இயக்கியவரும் அமர்ந்து, நடந்ததைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். தட்டச்சிட்ட கட்டளையை விரைவாகத் திருத்தினால் பிழை தோன்றுகிறது என்று கண்டார்கள். வெளியேறிய கதிரை அளந்தும் காட்டினார்கள். உரை தோற்ற இடத்திலே காட்சி வென்ற கதை இது. அளவைவாதிகளின் பழைய வழக்கு ஒரு வைத்தியசாலையின் கீழ்த்தளத்திலே தீர்ந்தது என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

கண்ணுக்குத் தெரியாததை அளந்தறிவது எங்கள் ஊராருக்கும் அந்நியமானதன்று. திகனக்கு அருகே பல்லேகலையிலே நிலநடுக்கப் பதிவுநிலையம் ஒன்று உண்டு. 2020 ஆகஸ்ட் இறுதியிலே ஓரிரவு நிலம் அதிர்ந்தபோது, விக்டோரியா நீர்த்தேக்கமே காரணம் என்றார் சிலர். சுண்ணக்கல் அகழ்வே காரணம் என்றார் சிலர். தெய்வ குற்றம் என்றாரும் உண்டு. அதிர்ந்தது எப்போது, எவ்வளவு என்பதிலே மட்டும் வாதத்துக்கு இடமிருக்கவில்லை. ஊசி அதை எழுதி வைத்திருந்தது. அந்த ஊசியைப் போன்ற கருவிகள் புரோத்தன் கதிருக்கும் உண்டா என்று தேடினோம். உண்டு.

முதலாவது ஆழம். உடலின் பெரும்பகுதி நீராகையால், கதிரின் சோதனையும் நீரிலேயே தொடங்குகிறது. நீர்த்தொட்டிக்குள் சிறு அறை ஒன்றை முன்னும் பின்னும் நகர்த்திக் கதிரை அளப்பார்கள். அந்த அறைக்குள் காற்று இருக்கும். கதிர் காற்றை அயனாக்கும். தோன்றிய மின்னேற்றத்தை எண்ணினால் கதிரின் அளவு தெரியும். நாள்தோறும் விரைவாகப் பார்ப்பதற்கு, இத்தகைய மெல்லிய அறைகளை நூற்றுக்கணக்கிலே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய கருவி உண்டு. கதிர் எந்த அறையிலே உச்சம் அடைந்து எந்த அறையிலே ஓய்ந்தது என்பதை ஒரே வீச்சிலே அது காட்டிவிடும்.

இரண்டாவது இடம். கதிர் பட்டால் ஒளிரும் திரை ஒன்றை அதன் பாதையிலே வைத்து, ஒளிரும் புள்ளிகளைக் கமராவினால் படம் பிடிக்கிறார்கள். மில்லிமீற்றரின் பாதியையும் பிரித்துக் காட்டும் படம் அது. கட்டளையிட்ட இடத்திலே புள்ளி விழுந்ததா, வட்டமாக விழுந்ததா, உரிய பருமனோடு விழுந்ததா என்று அதிலே பார்க்கலாம். கதிரைச் செலுத்தும் கூண்டு நோயாளியைச் சுற்றி வருவதால், வெவ்வேறு கோணங்களிலும் இதைச் செய்யவேண்டும்.

மூன்றாவது அளவு. இயந்திரத்தின் மூக்கிலே உள்ள எண்ணி, இத்தனை புரோத்தன்கள் சென்றன என்று கணக்கு வைக்கிறது. அந்தக் கணக்கு உண்மையான கதிரளவோடு பொருந்துகிறதா என்பதை நீரிலுள்ள அறையைக் கொண்டு தனியே சரிபார்க்கவேண்டும். இங்கே நம்மை வியக்கவைத்த நுட்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மிக மெல்லிய கதிர்வட்டம் ஒன்று பரந்திருக்கிறது. நீரிலுள்ள அணுக்கருக்களோடு மோதிச் சிதறிய புரோத்தன்களால் ஆவது. ஒரு புள்ளியின் வட்டம் கணக்கிலே சேர்க்கத் தேவையற்ற அளவு சிறிது. ஆயிரம் புள்ளிகளின் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போதோ, மொத்தக் கதிரளவிலே அது நூற்றுக்குச் சில பங்காகிவிடுகிறது. அளக்கும் அறை அகலம் குறைந்ததாயின் இந்த வட்டம் அதற்குள் அகப்படாமல் போகும். ஆகவே 8 சென்ரிமீற்றர் அகல அறை போதாது, 12 வேண்டும் என்றெல்லாம் ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். சிறுதுளி பெருவெள்ளம் என்ற முதுமொழிக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு போலும்.

இவை ஒருநாள் செய்து முடித்துவிடும் சோதனைகள் அல்ல. ஒவ்வொரு காலையிலும், முதல் நோயாளி உள்ளே வருமுன், இவற்றின் சுருக்கமான வடிவம் நடந்தாகவேண்டும். அமெரிக்க மருத்துவப் பௌதிகவியலாளர் சங்கம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நாளாந்தச் சோதனையிலே கதிரளவு நூற்றுக்கு 3 பங்குக்கு மேல் விலகலாகாது. ஆழம் 1 மில்லிமீற்றருக்கு மேல் விலகலாகாது. மேசன்மார் பேச்சிலே ஒரு நூல் என்பது அங்குலத்தின் எட்டில் ஒன்று, அதாவது ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். ஆழத்துக்கு அனுமதி அந்த நூலிலே மூன்றில் ஒரு பங்குதான் என்று கேட்டபோது தந்தை சற்றுநேரம் பேசவில்லை. "அப்ப அவங்களும் நல்ல பாஸ்மார்தான்" என்றார் பிறகு.

இதன்மேல் ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய தனிச் சோதனை உண்டு. ஒரு சிறுமிக்கென்று வகுத்த புள்ளிக் கோலத்தை, அவள் படுக்குமுன், நீர்த்தொட்டியின் மேலோ நீரையொத்த பலகைகளின் மேலோ செலுத்திப் பார்க்கிறார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு அறைகள் பதித்த தட்டு அதை வாங்கிக்கொள்கிறது. கணினி முன்கூறிய படமும் தட்டு கண்ட படமும் ஒப்பிடப்படுகின்றன. புள்ளிக்குப் புள்ளி, கதிரளவிலே நூற்றுக்கு 3 பங்குக்குள்ளும் இடத்திலே 3 மில்லிமீற்றருக்குள்ளும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமான முறைகளுள் ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூறோ தொண்ணூற்றைந்தோ புள்ளிகள் தேறாவிட்டால் காரணம் தேடவேண்டும். கணினியின் திட்டம் கருதல். தட்டு கண்டது காட்சி. கருதலைக் காட்சியின் முன் நிறுத்தி விசாரிக்காமல் சிறுமியிடம் அனுப்புவதில்லை என்பதே இந்தத் தொழிலின் அறம்.

ஆயினும் நீர் நீர்தான், உடல் உடல்தான். இதையும் மறைக்காமல் தந்தையிடம் சொன்னோம். எலும்பும் கொழுப்பும் காற்றறையும் கதிரை நிறுத்தும் வலுவிலே வேறுபடுகின்றன. அவ்வலுவைச் சீற்றி ஸ்கான் படத்திலிருந்து கணித்துத்தான் பெறுகிறார்கள். அக்கணிப்பிலே நூற்றுக்கு மூன்றரைப் பங்கு வரை ஐயத்துக்கு இடம் வைத்து, கட்டியைச் சுற்றிச் சிறிது எல்லையை விட்டுத் திட்டமிடுவது வழக்கம். 15 சென்ரிமீற்றர் ஆழத்திலே அது 5 மில்லிமீற்றராகிறது. மூச்சோடு அசையும் நுரையீரலிலே, புள்ளி ஓரிடத்துக்கு வரும்போது கட்டி வேறிடத்துக்கு நகர்ந்திருக்கலாம். வாரங்கள் செல்லச் செல்லப் பிள்ளை மெலியலாம். ஆகவே மீண்டும் படம் எடுக்கவேண்டும். புரோத்தனின் உயிரியல் வலுவை எக்ஸ் கதிரைப்போல் 1.1 மடங்கு என்று கொள்வது மரபு. கதிர் ஓயும் முனையிலே அது கூடுகிறது என்பதை ஆய்வுகூடங்கள் காட்டியுள்ளன. நீர்த்தொட்டி அதைச் சொல்லாது. தன் அளவுகோல் எதை அளக்காது என்பதையும் எழுதிவைப்பவனே நேர்மையான அளவையாளன்.

அளக்கும் கருவியை யார் அளப்பார்? இதற்கும் ஒரு சங்கிலி உண்டு. வைத்தியசாலையின் அறை, நாட்டின் நியம ஆய்வுகூடத்திலே ஒப்பிடப்படுகிறது. இந்தியாவிலே அது மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி நிலையம். அந்த நியமங்கள் மற்ற நாடுகளின் நியமங்களோடு ஒப்பிடப்படுகின்றன. நீரிலே கதிரை அளக்கும் முறையை வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகவரகம் 2000 இல் வகுத்து, 2024 இல் திருத்தி வெளியிட்டது. அம்முகவரகமும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் செய்துவரும் மற்றொரு பணியை அறிந்தபோது நெஞ்சு நிறைந்தது. கதிரைப் பதிந்துகொள்ளும் சிறு வில்லைகளைத் தபாலிலே வளர்முக நாடுகளின் வைத்தியசாலைகளுக்கு அனுப்புகிறார்கள். அங்குள்ளோர் தம் எக்ஸ் கதிரையோ கோபால்ற் கதிரையோ குறித்த அளவிலே அதன்மேல் செலுத்தித் திருப்பி அனுப்புகிறார்கள். சொன்ன அளவும் பதிந்த அளவும் பொருந்தாவிட்டால் கடிதம் வரும், உதவியும் வரும். பெரிய இயந்திரம் வாங்க இயலாத நாட்டு நோயாளிக்கும், தபாலிலே வந்த ஒரு வில்லை தூக்குக்குண்டாக நின்றிருக்கிறது.

தந்தைக்கு விடை கிடைத்தது. வழி கிடைக்கவில்லை. சென்னைச் செலவு அவருடைய பல ஆண்டுக் கூலியைத் தாண்டி நின்றது. திகன வீதியிலே உண்டியல் எடுத்தோம். 2018 மார்ச்சிலே கடைகளும் வீடுகளும் தீக்கிரையான வீதிதான் அது. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோரும் உண்டியலிலே போட்டார்கள். அன்று கடையை இழந்த ஒருவர், பிள்ளையின் பெயரைக் கேட்டாரேயொழிய இனத்தைக் கேட்கவில்லை. சேர்ந்த பணம் போதவில்லை. வைத்தியர்களோடு மீண்டும் பேசினோம். இந்தக் கட்டியை அடக்குவதிலே நவீன எக்ஸ் கதிரும் புரோத்தனுக்குப் பெரிதும் பின்தங்காது. வேறுபாடு பிற்காலத்திலே தோன்றக்கூடிய பக்கவிளைவுகளிலேதான் என்றார்கள். கேள்வி, சுரப்பிகளின் வேலை, கற்கும் திறன் ஆகியவற்றையெல்லாம் அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். சிறுமி நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலையொன்றிலே, கட்டணமின்றி, எக்ஸ் கதிர் பெற்றாள். உண்டியல் பணம் போக்குவரத்துக்கும் வாடகை அறைக்கும் உதவிற்று.

சிகிச்சையின் மூன்றாம் வாரத்திலே ஒருநாள் தந்தை தொலைபேசியிலே அழைத்தார். "இன்னிக்கு ரெண்டு மணித்தியாலம் பிந்திருச்சு, டீச்சர். காலையில அளந்து பாத்தப்ப கணக்கு ஒத்து வரலையாம். ஒத்து வர்ற வரைக்கும் யாரையும் உள்ள எடுக்க மாட்டோம்னு அந்த அளக்கிற பொண்ணு சொல்லிருச்சு." காத்திருந்தோர் சிலர் முணுமுணுத்தார்களாம், அவர் முணுமுணுக்கவில்லை. சுவர் கோணினால் வரியைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டுகிற மனிதர் அவர். அந்தப் பெயர் தெரியாத பெண்ணை அவர் தம் தொழிலாளராகவே கண்டார். அச்சிறுமி இப்போது மீண்டும் வகுப்பிலே இருக்கிறாள். ஒரு காதிலே கேள்வி சற்றுக் குறைந்திருக்கிறது, முன்வரிசையிலே அமர்கிறாள்.

அந்தத் தந்தையின் தாய் தேயிலைக் கொழுந்து பறித்தவர். மலையகத்திலே அளவை என்றால் முதலிலே நினைவுக்கு வருவது கொழுந்து நிறுக்கும் தராசு. ஈரத்துக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கிலோக் கணக்கிலே கழித்தெழுதும் தராசை மூன்று நான்கு தலைமுறைகள் கண்டுவிட்டன. அத்தராசு வலியவன் கையிலே இருந்து எளியவளை அளந்தது. புரோத்தன் கதிரின் நீர்த்தொட்டியிலே நாம் கண்டது வேறொரு நியாயம்: அங்கே இயந்திரத்தை வைத்திருப்பவன் தன் இயந்திரத்தையே தராசிலே ஏற்றுகிறான், எளியவள் வருமுன் ஏற்றுகிறான், தேறாவிட்டால் தானே நிறுத்திக்கொள்கிறான். அளவை யார் பக்கம் நிற்கிறது என்பது விஞ்ஞானத்தின் கேள்வி மட்டுமன்று. சமுதாயத்தின் கேள்வியும் ஆகும்.

அந்த நியாயத்தைக் கதிர் அறைக்கு வெளியேயும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கதிர் கட்டியை அடையும் தூரத்தை மில்லிமீற்றரிலே அளக்கிறோம். தோட்டத்துப் பெண் ஒருத்தி தன் மார்பிலே கட்டியைத் தடவி உணர்ந்த நாளுக்கும் முதற்சிகிச்சை பெறும் நாளுக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தக் கருவியால் அளக்கிறோம்? உலகிலே இன்று நூற்றுக்கு மேற்பட்ட புரோத்தன் நிலையங்கள் இயங்குகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை செல்வ நாடுகளிலே உள்ளன. இலங்கையிலே ஒன்றும் இல்லை. நாளையே ஒன்றைக் கட்டவேண்டும் என்று நாம் கூறவில்லை. எல்லாப் புற்றுநோய்க்கும் அது தேவையுமில்லை. பிள்ளைகளின் கட்டிகள், கபாலத்தின் அடியிலும் தண்டுவடத்தின் அருகிலும் உள்ளவை, கண்ணுக்குள் தோன்றுபவை போன்றவற்றிலேதான் அதன் பயன் மிகத் தெளிவு. அத்தகைய பிள்ளைகள் சிலரே. அச்சிலரை அரசாங்கமே பொறுப்பேற்று, கார்கரிலுள்ளது போன்ற பொதுத்துறை நிலையங்களோடு உடன்படிக்கை செய்து அனுப்பிவைக்க இயலாதா?

இயலும் என்பதற்கு நம் மக்களே சான்று. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி திரட்டினார்கள். 2013 இல் தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. தெற்கின் கால்கள் நடந்து வடக்கிலே கட்டிய கட்டடம் அது. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் பணம் தருகின்ற நாம், அவற்றை அளக்கும் மனிதர்களை மறந்துவிடலாகாது. பேராதனையிலுள்ள விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவனத்திலே மருத்துவப் பௌதிகத்துக்கு முதுமாணிப் படிப்பு உண்டு. அங்கே பயின்றவர்களுக்கு நம் வைத்தியசாலைகளிலே போதிய பதவிகளும், வாழத்தக்க ஊதியமும், அளக்கத்தக்க கருவிகளும் வேண்டும். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் கற்றோர் பலர் கடல் கடந்தனர். அளப்பவர் போய்விட்டால் இயந்திரம் எத்தனை கோடி பெறுமதியானாலும் அது கண்கட்டிய யானைதான்.

இன்னொன்றும் வேண்டும். காலைச் சோதனையின் முடிவை, காத்திருப்போர் பார்க்கும் இடத்திலே, தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைக்கவேண்டும். இன்று கதிரளவு சரி, இடம் சரி, அளந்தவர் இன்னார் என்ற மூன்று வரிகள் போதும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. கரும்பலகையும் சோக்கும் போதும். அளவு கேட்பது நோயாளியின் உரிமை. அதை முதலிலே கேட்கத் துணிந்தவர், வாழ்நாளெல்லாம் கையிலே தூக்குக்குண்டோடு நின்ற ஒரு தொழிலாளி.